திருப்பி அனுப்பிய கோப்பு

எங்கள் கிணத்துக்கடவுப் பக்கம் 'பிரசிடெண்ட்' என்று சொன்னால் அது ஊராட்சித் தலைவரைத்தான் குறிக்கும். டெல்லியில் இருப்பவர் 'ஜனாதிபதி'. ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே பெயர்தான். ஆனாலும் இருவரையும் சேர்த்து வைத்து யாரும் பேசுவதில்லை. இந்த வாரம் நாம் அப்படிப் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

சில வாரங்களுக்கு முன் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்பு மாணவர்களிடம் பேசப் போயிருந்தோம். இந்தியக் குடியரசுத் தலைவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டோம். 'அப்துல் கலாம்' என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. சுவரிலும் அவர் படம்தான் இருந்தது. அடுத்து திரௌபதி முர்மு. ராதாகிருஷ்ணன், ஆசிரியர் தினத்தின் புண்ணியத்தில் வந்தார். தலித் சமூகத்திலிருந்து அந்தப் பதவிக்கு முதலில் வந்தவர் யார் என்று கேட்டபோது 'ராம்நாத் கோவிந்த்' என்றான் ஒரு மாணவன். 'அம்பேத்கர்' என்றாள் ஒரு மாணவி. கே.ஆர்.நாராயணன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரை நாமே மறந்துவிட்டோம். இத்தனைக்கும் அவர் மூன்று முறை மக்களவைக்குப் போனது நமக்குப் பக்கத்திலிருந்துதான். பொள்ளாச்சியிலிருந்து ரயில் ஏறினால் பாலக்காடு; அதைத் தாண்டினால் ஒட்டப்பாலம். அன்று அது தனித்தொகுதி.

நமக்கு அவர் பெயர் மறக்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1997-ஆம் ஆண்டு ஜூன் 30. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதைப் பொறுக்காதவர்கள் பேருந்தை மறித்து, அவரோடு சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். சரியாக 25 நாள் கழித்து, ஜூலை 25 அன்று, கொச்செரில் ராமன் நாராயணன் நாட்டின் பத்தாவது குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். எதிர்த்து நின்ற டி.என்.சேஷனைத் தோற்கடித்து, ஏறத்தாழ 95 சதவீத வாக்கு மதிப்பைப் பெற்றிருந்தார். சுதந்திரப் பொன்விழா ஆண்டு அது. தலித் ஒருவர் நாட்டின் முதல் நாற்காலியில் அமர்ந்துவிட்டார் என்று பத்திரிகைகள் மகிழ்ந்து எழுதின. அப்போது நாம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். மேலவளவுச் செய்தியையும் டெல்லிச் செய்தியையும் வெட்டி ஒரே நோட்டில் ஒட்டி வைத்தோம். ஒரு பிரசிடெண்ட் நாற்காலியில் உட்கார்ந்ததற்காகக் கொல்லப்பட்டார். இன்னொரு பிரசிடெண்டுக்கு 21 குண்டுகள் முழங்கின. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே மாதத்துக்குள் நடந்தன.

அந்த வயதில் நமக்கு டெல்லிச் செய்தி வெறும் அலங்காரமாகத்தான் தெரிந்தது. கோபுரத்துக்குக் கலசம் வைக்கிற மாதிரி எங்களில் ஒருவரைக் கொண்டுபோய் உச்சியில் வைத்துவிட்டு, கீழே எதையும் மாற்ற மாட்டார்கள் என்று பேசிக்கொண்டோம். அடுத்த ஐந்தாண்டுகளில் அவர் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். முழுதாக மாற்றவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

அவர் பிறந்தது கோட்டயம் மாவட்டத்தில் உழவூர். பெரியார் போய்ச் சிறைப்பட்ட வைக்கம் அங்கிருந்து அதிக தூரமில்லை. அந்தப் போராட்டம் 1924-ல் தொடங்கியபோது நாராயணன் கைக்குழந்தைப் பருவம் கடந்த சிறுவன். பறவன் என்ற பட்டியல் சாதியில், நாட்டு வைத்தியம் பார்த்துவந்தவரின் ஏழு பிள்ளைகளில் ஒருவர். அவருடைய பிறந்தநாள் 1920 அக்டோபர் 27 என்று ஏடுகளில் இருக்கும். பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போன மாமா, சரியான தேதி தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னாராம். உண்மையில் அவர் பிறந்தது 1921 பிப்ரவரி 4. நம் ஊர்ப் பெரியவர்கள் பாதிப் பேருக்கு 'வாத்தியார் போட்ட தேதி'தானே பிறந்தநாள்? குடியரசுத் தலைவர் மாளிகை வரை அந்தத் தேதிதான் அவரோடு போனது.

பள்ளிக்கு வயல் வரப்புகளில் தினமும் பல மைல் நடை. சம்பளம் கட்ட முடியாத நாட்களில் வகுப்புக்கு வெளியே நின்றே பாடம் கேட்டார். புத்தகம் வாங்கக் காசில்லை. ஆஸ்துமாவால் வீட்டிலேயே முடங்கிக் கிடந்த அண்ணன், மற்ற பிள்ளைகளிடம் புத்தகத்தை இரவல் வாங்கி, கையாலேயே முழுதும் எழுதிக் கொடுப்பாராம். நாராயணனின் பட்டங்களைப் பேசும்போதெல்லாம் பெயர் வராத இந்த அண்ணனைத்தான் நாம் முதலில் நினைத்துக்கொள்வோம். 1943-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பு; அங்கே தலித் ஒருவர் முதல் வகுப்பு பெற்றது அதுவே முதல் முறை. அதே தகுதியுள்ள மற்றவர்களுக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. இவருக்கு குமாஸ்தா வேலைதான் தருவோம் என்றது சமஸ்தானம். திவானாக இருந்தவர் சர் சி.பி.ராமசாமி ஐயர். நாராயணன் அந்த வேலையையும் வாங்கவில்லை, பட்டமளிப்பு விழாவுக்கும் போகவில்லை.

மாணவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அவருக்கு அப்போது 22 வயது. கையில் காசில்லை, பின்னால் ஆள்பலம் இல்லை. கொடுப்பதை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போகும் இடத்தில், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். பின்னாளில் அவர் செய்த காரியங்களுக்கெல்லாம் இதுதான் ஆரம்பம் என்பது நம் கணிப்பு.

அதற்குப் பிறகான கதை வேகமானது. சிறிது காலம் 'இந்து', 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளேடுகளில் செய்தியாளர் வேலை. டாடா உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளி, அங்கே பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியிடம் படிப்பு. லாஸ்கி கொடுத்த கடிதத்தோடு நேருவைச் சந்தித்து வெளியுறவுப் பணி. தாய்லாந்து, துருக்கி, சீனா, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்குத் தூதர். நடுவில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1984-ல் ஒட்டப்பாலத்தில் நின்று எம்.பி., பிறகு அமைச்சர். 1992-ல் குடியரசுத் துணைத் தலைவர்.

இனி அந்த நாற்காலியைப் பற்றிப் பேசுவோம்.

குடியரசுத் தலைவர் பதவியை 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று சொல்வது நம் ஊர் டீக்கடை வரை வந்துவிட்ட பேச்சு. அப்படிப் பெயர் வரக் காரணமும் உண்டு. 1975 ஜூன் 25 இரவு, அமைச்சரவை கூடுவதற்கு முன்பே வந்து சேர்ந்த அவசரநிலை அறிவிப்பில் கையெழுத்துப் போட்டவர் பக்ருதீன் அலி அகமது. குளியல் தொட்டியில் படுத்தபடி அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக அபு ஆபிரகாம் வரைந்த கேலிச்சித்திரம் இன்றும் பேசப்படுகிறது. அமைச்சரவை சொன்னபடிதான் குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்று 1976-ல் 42-வது திருத்தம் கட்டிப்போட்டது. 1978-ல் வந்த 44-வது திருத்தம் ஒரு சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்தது. அமைச்சரவையின் ஆலோசனையை 'மறுபடி யோசியுங்கள்' என்று அவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். யோசித்துவிட்டு அதையே மறுபடி அனுப்பினால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அவ்வளவுதான் அதிகாரம்.

அந்தச் சின்னக் கதவை உபயோகித்தவர் நாராயணன். 1997 அக்டோபர். உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தில் மைக்கைப் பிடுங்கி வீசி, மண்டை உடைய, அடிதடிக்கு நடுவே கல்யாண் சிங் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயித்தது. அதைக் கலைத்துவிடலாம் என்று ஆளுநர் பரிந்துரைக்க, குஜ்ரால் தலைமையிலான மத்திய அமைச்சரவையும் ஒப்புக்கொண்டு கோப்பை அனுப்பியது. நாராயணன் அதைத் திருப்பி அனுப்பினார். பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டும் என்று 1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அமைச்சரவை அதோடு விட்டுவிட்டது. அன்று பாஜகவினர் அவரைப் புகழ்ந்தார்கள்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிகார். இப்போது டெல்லியில் வாஜ்பாய் அரசு. ராப்ரி தேவி அரசைக் கலைக்கக் கோப்பு வந்தது. அதையும் திருப்பினார். புகழ்ந்தவர்களுக்குக் கோபம் வந்தது, கோபித்தவர்கள் புகழ்ந்தார்கள். யாருக்கு லாபம் என்று அவர் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இந்தக் கதையில் நமக்கு முள்ளாகக் குத்தும் ஒரு பகுதியும் இருக்கிறது. 1999 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பிகாரில் ஷங்கர்பிகா, நாராயண்பூர் என்ற இரண்டு ஊர்களில் ரண்வீர் சேனை தலித்துகளைக் கொன்று குவித்தது. அதன்பின் ஆட்சியைக் கலைக்கும் பரிந்துரை வந்தபோது நாராயணன் கையெழுத்திட்டார். மாநிலங்களவையில் ஆதரவு கிடைக்காது என்று தெரிந்ததும் மார்ச்சில் மத்திய அரசே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ராப்ரி தேவி அரசு திரும்பி வந்தது. செத்தவர்கள் கணக்கில்தான் கூடினார்கள். சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தும் சேரிக்கு ஒன்றும் நடக்காமல் போவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. நாராயணன் இதில் தவறு செய்தார் என்று நாம் சொல்லவில்லை. அந்த நாற்காலியின் கை எவ்வளவு குட்டை என்பது அன்று தெரிந்தது.

அவர் மீது சொல்லப்பட்ட சர்ச்சைகளில் பெரியது நீதிபதிகள் விவகாரம். உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனக் கோப்பு ஒன்றில் அவர் தன் கருத்தைக் குறிப்பாக எழுதி வைத்தார். மக்கள் தொகையில் கால் பங்கு இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களிலிருந்தும் பெண்களிலிருந்தும் தகுதியானவர்கள் கிடைப்பார்கள், அவர்களையும் கவனத்தில் கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். 1999 ஜனவரியில் அது வெளியே வந்ததும் எழுந்த கூச்சல் கொஞ்சமல்ல. நீதிமன்றத்தில் சாதியைக் கொண்டு வருகிறார், தகுதியைக் கெடுக்கிறார், தன் சாதிக்காரனுக்காகப் பேசுகிறார் என்றார்கள். தகுதி ஒன்றே அளவுகோல் என்று பதில் வந்தது.

கணக்கைப் பார்ப்போம். உச்ச நீதிமன்றம் 1950-ல் தொடங்கியது. முதல் தலித் நீதிபதி அங்கே போய்ச் சேர்ந்தது 1980 டிசம்பரில். அவர் நம் தமிழ்நாட்டுக்காரர், ஜோலார்பேட்டையைச் சேர்ந்த ஏ.வரதராஜன். இந்தப் பெயரையும் எந்த வகுப்பிலும் நாம் கேட்டதில்லை. பின்னர் 1989-ல் வந்த கே.ராமசாமி 1997-ல் ஓய்வு பெற்றார். நாராயணன் அந்தக் குறிப்பை எழுதிய நேரத்தில் உச்ச நீதிமன்றத்தில் தலித் நீதிபதி ஒருவர்கூட இல்லை. 2000 ஜூனில் கே.ஜி.பாலகிருஷ்ணன் வந்தார், 2007-ல் தலைமை நீதிபதியானார். 2010-ல் அவர் ஓய்வு பெற்ற பிறகு மீண்டும் வெற்றிடம். 2019-ல் பி.ஆர்.கவாய் வரும்வரை ஒன்பது ஆண்டுகள் அப்படியே கழிந்தன. கவாய் 2025-ல் தலைமை நீதிபதியாக இருந்தபோது, நீதிமன்ற அறைக்குள்ளேயே ஒரு வழக்கறிஞர் அவர் மீது செருப்பை வீச முயன்றார். சாதியை நீதிமன்றத்துக்குள் கொண்டு வந்தவர் நாராயணன்தானா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

மற்ற சர்ச்சைகள் இதைவிடச் சின்னவை. 1998 பொதுத் தேர்தலில் அவர் வாக்களித்ததுகூடச் சர்ச்சையானது. பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் வாக்களிக்காமல் ஒதுங்கி இருப்பதுதான் அதுவரை வழக்கம். மாளிகை வளாகத்தில் இருந்த பள்ளி வாக்குச்சாவடியில் அவர் மற்ற ஊழியர்களோடு வரிசையில் நின்று வாக்களித்தார். அதே ஆண்டு மார்ச்சில் ஆட்சி அமைக்க வாஜ்பாயை அழைக்கும் முன், கூட்டணிக் கட்சிகளின் ஆதரவுக் கடிதம் வேண்டும் என்றார். அதிமுக கடிதம் தாமதமானதில் டெல்லியே தவித்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1999 ஏப்ரலில் ஜெயலலிதா ஆதரவை விலக்கியபோது, பெரும்பான்மையை நிரூபியுங்கள் என்றார். ஒரே ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது. காங்கிரசுக்காகச் செய்கிறார் என்றது ஒரு தரப்பு. அந்த ஒரு வாக்கைப் பற்றி இன்றும் புத்தகம் எழுதுகிறார்கள்.

2000 ஜனவரி. அரசமைப்புச் சட்டத்தையே மறுஆய்வு செய்யப் போகிறோம் என்று மத்திய அரசு கிளம்பியிருந்தது. குடியரசின் பொன்விழாவுக்காக நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பேசிய நாராயணன், அந்த அரசை முன்னால் உட்கார வைத்துக்கொண்டே கேட்டார்: சட்டம் நம்மைக் கைவிட்டதா, நாம்தான் சட்டத்தைக் கைவிட்டோமா? அம்பேத்கரை மனதில் வைத்து எழுப்பிய கேள்வி அது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, குடியரசு தின உரையில் அவர் சொன்ன ஓர் உவமை நம் ஊருக்காகவே சொன்னது போலிருக்கும். தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்ற மூன்று வழி விரைவுச் சாலையில், அதிகாரமில்லாத இந்தியா பத்திரமாகக் கடந்து போக நடைபாதைக் கடவையும் வேண்டும் என்றார். கோவை–பொள்ளாச்சிச் சாலை நான்கு வழியானதையும், கிணத்துக்கடவு ஊருக்கு மேலே மேம்பாலம் எழும்பியதையும் பார்த்தவர்கள் நாம். காரில் போகிறவருக்கு ஊர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தக்காளி மார்க்கெட்டில் கூடை தூக்கிவிட்டுக் காலனிக்குத் திரும்புகிற பெண்கள்தான், வேகம் குறைக்காத வண்டிகளுக்கு நடுவே முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. மேம்பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடப்பதற்கு வழி கேட்கிறோம். அடுத்த ஆண்டு உரையில், பசுமையான மண்ணையும் அப்பாவிப் பழங்குடிகளையும் அழித்துத்தான் இந்தியக் குடியரசு கட்டப்பட்டது என்று வருங்காலம் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது என்று எச்சரித்தார். ஆனைமலையில் காடர், மலசர் குடியிருப்புகளுக்குப் போய் வந்தவர்கள் அதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு அவர் செய்யாததையும் சொல்லாவிட்டால் இது பஜனைப் பாட்டாகிவிடும். 2002 குஜராத் படுகொலை நடந்தபோது அவர் பதவியில் இருந்தார். பிரதமர் வாஜ்பாய்க்குக் கடிதங்கள் எழுதினார். ஓய்வு பெற்ற பின், 2005-ல் மலையாள இதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், ராணுவத்தை அனுப்பும்படி தாம் வலியுறுத்தியதாகவும், அதற்குச் சரியான அதிகாரம் தரப்பட்டிருந்தால் பல உயிர்களைக் காத்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்தக் கடிதங்களைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் விண்ணப்பித்தார். மத்தியத் தகவல் ஆணையம் கடிதங்களைத் தன்முன் வைக்கச் சொன்னது. 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கோப்பைத் திருப்பி அனுப்பி நாட்டையே பேசவைத்த மனிதர், பிணங்கள் விழுந்துகொண்டிருந்தபோது தன் கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டார். பேட்டியில் சொன்னதை மூன்று ஆண்டுக்கு முன் ஒரு தொலைக்காட்சி உரையில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதவி போயிருக்கலாம். முடிவதற்கு இன்னும் சில மாதங்களே இருந்த பதவிதான் அது. நம் மனக்குறை இது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் இருக்கலாம்.

இன்னொன்று, ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவர்களின் கருணை மனுக்கள். அவை 2000-ல் அவரிடம் போயின. அவர் காலத்திலும் முடிவில்லை, கலாம் காலத்திலும் முடிவில்லை. 2011-ல் பிரதீபா பாட்டீல் காலத்தில் நிராகரிக்கப்பட்டன. 2014-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தாமதத்தையே காரணமாக வைத்துத் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. உள்துறை அமைச்சகம் கோப்பை இழுத்ததற்கும் இதில் பங்குண்டு. தாமதம் கடைசியில் உயிரைக் காப்பாற்றியது என்பது வேறு விஷயம். தூக்குக் கொட்டடியில் காத்துக்கிடந்த ஆண்டுகளுக்கு அது ஈடாகாது.

சொத்து, பரிசுப் பொருள், நிலம் என்ற வகைச் சர்ச்சை அவர் பெயரோடு பேசப்பட்டதில்லை. 2012-ல் பிரதீபா பாட்டீல், புனேயில் ராணுவ நிலத்தில் கட்டப்படவிருந்த ஓய்வுக்கால வீட்டை எதிர்ப்பு வந்த பிறகு வேண்டாம் என்றாரே, அந்த மாதிரி எதுவும் இவர் கதையில் கிடையாது. இவர் மீது சொன்ன குற்றச்சாட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே வரிதான் மிஞ்சும்: கொடுத்த நாற்காலியில் இவர் சும்மா உட்காரவில்லை. 2002-ல் இரண்டாவது வாய்ப்புக்கு எதிர்க்கட்சிகள் அவரை முன்னிறுத்தியும் அது கைகூடவில்லை. 2005 நவம்பர் 9-ல் காலமானார். கலாமின் படம் பள்ளிச் சுவருக்கு வந்தது; அதில் நமக்கு மகிழ்ச்சியே. பக்கத்தில் இன்னொரு ஆணி அடிக்க இடமில்லாமல் போனதுதான் கேள்வி.

இப்போது ஊர்ப் பிரசிடெண்டிடம் வருவோம்.

நாராயணன் பதவியில் இருந்த ஐந்தாண்டும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் தலைவர் பதவி காலியாகவோ, வேட்புமனுவே வராமலோ, ஜெயித்த கையோடு ராஜினாமா எழுதி வாங்கப்பட்டோ கிடந்தது. 2006-ல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019-ல் முன்கூட்டியே விடுதலையாகி வந்தார்கள். மறு ஆண்டு, 2020 சுதந்திர தினத்தில், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து ஆட்சியர் வந்து அவரைக் கொடியேற்ற வைத்தார். அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியானது. மற்றவர்கள் எல்லோரும் நாற்காலியில் இருந்தார்கள். வெளிமாவட்டச் செய்தி என்று நாம் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அதே மாதம் நம் கோவை மாவட்டத்தில் ஜே.கிருஷ்ணாபுரம் ஊராட்சித் தலைவரும், நாற்காலியில் உட்கார விடவில்லை என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

இவை வெளியே வந்தவை. வராதவை அலுவலகக் காசோலைப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. ஊராட்சிப் பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தனி ஊராட்சியில் தலைவர் தலித். துணைத்தலைவர் பெரும்பாலும் ஊரில் நிலபுலம் உள்ளவர். அவர் பேனாவை எடுக்கவில்லை என்றால் தெருவிளக்கு பல்பு மாற்றக்கூடப் பணம் வராது. குடிநீர் மோட்டார் ரிப்பேர் நிற்கும், தூய்மைப் பணியாளர் சம்பளம் நிற்கும். மக்கள் திட்டுவது தலைவரைத்தான். 'அந்தம்மாவுக்கு நிர்வாகம் தெரியலை' என்ற பேச்சு தானாகவே கிளம்பும். தகுதி ஒன்றே அளவுகோல் என்று உச்ச நீதிமன்ற விவகாரத்தில் கேட்ட அதே குரல், இங்கே கொங்குத் தமிழில் கேட்கும்.

நமக்குத் தெரிந்த ஓர் அக்கா ஐந்தாண்டு பிரசிடெண்டாக இருந்தார். ஊர் பெயர் வேண்டாம். அதற்கு முன்பு அவர் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர். இப்போதும் அந்த வேலைக்குத்தான் போகிறார். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனதே, அன்றிலிருந்து அவரும் 'முன்னாள் பிரசிடெண்ட்'. பள்ளியில் பேசிவிட்டு வந்த அன்று சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து நாராயணன் கதையைச் சொன்னோம்.

"எங்கூட்டுக்கே தீர்மான நோட்டக் கொண்டாந்து நீட்டுவாங்க தம்பி. என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டா, எல்லாம் பேசியாச்சுங்க, நீங்க போடுங்கம்பாங்க. மொத வருசம் முச்சூடும் போட்டேன்" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் எம் புள்ள படிச்சுக் காட்டுச்சு. ரெண்டு மேனிக்கு ஒரே ரோட்டுக்கு பில்லு. நான் போடமாட்டேன்னுட்டேன். ஆறு மாசம் ஒரு செக்குல அவரும் கையெழுத்துப் போடலீங்க. காலனிக்குத் தண்ணி வரலீன்னு நம்ம சனமே எங்கிட்ட சண்டைக்கு வந்துருச்சு. கடைசில நானே போட்டுக் குடுத்தேன்."

அவர் அதைத் தோல்வி போலச் சொன்னார். நாம் 44-வது திருத்தத்தை விளக்கினோம். ஒருமுறை திருப்பி அனுப்பலாம், மறுபடி வந்தால் போட்டாக வேண்டும் என்றோம். அக்கா வெற்றிலையை மடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவ்வளவு பெரிய வூட்டுல இருந்தவருக்கும் ஒரு வாட்டிதானுங்களா?"

ஆமாம் என்றோம். அவர் சிரித்துவிட்டார். அந்த மனிதர் படம் இருந்தால் ஒன்று கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார். கிணத்துக்கடவில் பிரிண்ட் போட்டுக் கண்ணாடிச் சட்டம் மாட்டக் கொடுத்திருக்கிறோம். இரண்டு பிரதி. ஒன்று அக்காவுக்கு, இன்னொன்று அந்தப் பள்ளிக்கு. தலைமையாசிரியரிடம் கேட்டோம். சுவரில் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.